கோவை அலுமாரியில் இருக்கட்டும், விடை மட்டும் போகட்டும்: திருகோணமலையில் தாபனக் கிளைக்குப் புதிதாக வருவோருக்கு

அரச அலுவலகத்தில் ஆளணி விடயங்களைக் கவனிக்கும் தாபனக் கிளையில் புதிதாக வேலை ஏற்கும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தரிடம் முதல் வாரத்திலேயே ஓர் இரும்பு அலுமாரியின் சாவி வந்து சேரும். உள்ளே இருப்பவை சக உத்தியோகத்தர்களின் சுயவிபரக் கோவைகள். சில நாட்களில் அவற்றைக் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கும். வலயக் கல்விப் பணிமனை கேட்கும், மாகாண அமைச்சு கேட்கும், கொழும்பிலுள்ள திணைக்களம் கேட்கும், வங்கி கேட்கும். சில வேளை கடிதமே இல்லாமல் தொலைபேசியில் ஒரு குரல் மட்டும் கேட்கும். எதை, யாருக்கு, எந்த வழியில் கொடுக்கலாம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. முன்பு அந்த மேசையில் இருந்தவர் செய்தபடியே செய்துகொண்டு போவதுதான் நடைமுறை.

அந்த நடைமுறையில் நான் மாற்ற விரும்புவது ஒன்றுதான். கேட்கும் அலுவலகத்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு விடை: இவர் எப்போது சேவையில் சேர்ந்தார், இப்போதைய சம்பளப் படிமுறை என்ன, நியமனம் நிரந்தரமாக்கப்பட்டதா. அந்த விடையை ஒரு கடிதத்தில் எழுதி, திணைக்களத் தலைவரின் கையொப்பத்துடன் அனுப்பினால் வேலை முடிந்தது. கோவை முழுவதையும் பிரதி எடுத்து அனுப்பும்போது, கேட்காத நோயும் கேட்காத குடும்பப் பிரச்சினையும் பழைய எச்சரிக்கைக் கடிதமும் அதனுடன் சேர்ந்து பயணம் போகின்றன.

திருகோணமலையில் இது ஏன் சிக்கலாகிறது

ஒரே நகரத்துக்குள் மத்திய அரசும் மாகாண சபையும் அருகருகே இயங்குகின்றன. மாவட்டச் செயலகமும், நகரத்துக்குரிய "பட்டினமும் சூழலும்" பிரிவு தொடக்கம் வெருகல் வரையான 11 பிரதேச செயலகங்களும் மத்திய அரசின் கீழ் வருபவை. கிழக்கு மாகாணத்தின் பிரதம செயலாளர் அலுவலகமும் மாகாண அமைச்சுகளும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவும் இதே ஊரில் உள்ளன. பிரதேச செயலகமோ இரண்டு பக்கத்து வேலைகளையும் செய்கிறது. ஆகவே ஒரே உத்தியோகத்தரின் விபரத்தை ஒரே வாரத்தில் மூன்று இடங்கள் கேட்பது இங்கு புதினமல்ல. மூன்றும் அரசாங்கம்தானே, யாருக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த எண்ணம் தவறு. அரசாங்கம் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இருக்கும் அதிகாரமும் நோக்கமும் வேறு வேறு. மாகாண ஆசிரியர் ஒருவரின் ஒழுக்காற்று அதிகாரி மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு. தேசிய பாடசாலை ஆசிரியரின் விடயம் கொழும்புக்குப் போகும். மத்திய அரசின் கீழ் நாடு முழுவதற்குமான இணைந்த சேவையைச் சேர்ந்த முகாமைத்துவ உத்தியோகத்தருக்கும், மாகாணத்தின் சொந்த முகாமைத்துவ சேவையில் உள்ளவருக்கும் ஒரே வேலை, ஒரே மேசை. ஆனால் அவர்களுடைய கோவைகளுக்குப் பொறுப்பான மேலதிகாரிகள் வேறு. அலுமாரிச் சாவியை வாங்கிய உடனே, ஒவ்வொரு கோவையின் முதல் பக்கத்திலும் அவருடைய நியமன அதிகாரி யார், ஒழுக்காற்று அதிகாரி யார் என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரு வரியே விடை தரும்.

இன்னொரு விடயமும் இங்கே உண்டு. 2006ஆம் ஆண்டு முடியும்வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண சபையாக இருந்தன. அதன் தலைமையகம் திருகோணமலை. 1990களில் அந்த நிர்வாகத்தில் சேர்ந்தவர்கள் இப்போது 60 வயதை எட்டி ஓய்வுபெறுகிறார்கள். அவர்களில் பலருடைய சேவைக்காலம் இரண்டு மாகாணங்களிலும் கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய நியமனக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வருவது அவருடைய ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும் கடிதமாக இருக்கும். அதைத் தாமதப்படுத்த அந்தரங்கத்தைக் காரணம் காட்டாதீர்கள். தேவையான தாளைத் தேடி எடுத்து, அந்தத் தாளை மட்டும், விரைவாக அனுப்புங்கள்.

முதலில் கோவைக்குள் இருப்பதை அறியுங்கள்

ஒரு கோவையை எடுத்து மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். விண்ணப்பம், நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, சம்பள ஏற்றப் படிவங்கள், லீவு விபரங்கள், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், கடன் விண்ணப்பங்கள், இடமாற்ற முறையீடுகள், சில கோவைகளில் விளக்கம் கோரிய கடிதங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்புப் போதாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சில விபரங்களைத் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், பாலியல் வாழ்க்கை, விரல் அடையாளம் போன்ற உயிரியல் அடையாளங்கள், குற்ற வழக்குகள், பிள்ளைகளைப் பற்றிய விபரங்கள். தாபனக் கிளை அலுமாரியில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. இடமாற்ற முறையீட்டோடு இணைத்த வைத்தியரின் கடிதத்தில் நோய் இருக்கிறது. பண்டிகை முற்பண விண்ணப்பத்தில் மதம் இருக்கிறது. வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் ரேகை இருக்கிறது. லீவுப் பதிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிரசவ லீவு, கணவனை இழந்த முஸ்லிம் பெண் உத்தியோகத்தர் எடுக்கும் இத்தா லீவு, மாதக்கணக்கில் நீளும் சுகவீன லீவு என்று ஒரு மனிதரின் துயரங்கள் எல்லாம் தேதி வாரியாக அங்கே இருக்கும்.

மூன்று இனத்தவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இந்த மாவட்டத்தில், இனம், மதம் என்ற நிரல்களை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். பழைய படிவங்களில் அவை பழக்கத்தால் தொடர்கின்றன. பண்டிகை முற்பணத்துக்காக மதத்தை அறிந்திருப்பது நியாயம். அதே தகவலை இடமாற்றப் பட்டியலில் ஒரு நிரலாகச் சேர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கேட்கும் அலுவலகம் அந்த நிரல் எதற்கு என்று எழுத்தில் சொல்லாதவரை அதை வெறுமையாக விடுங்கள். இந்த மண்ணில் பெயர்ப் பட்டியல்கள் என்ன செய்யக்கூடும் என்பதைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் சான்றுரைப்படுத்தப்பட்டது. அது ஒரே நாளில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பற்றிய பகுதி 2023இல் தொடங்கியது. முக்கியமான சில பகுதிகளின் தொடக்கம் 2025இல் பிற்போடப்பட்டது. எந்தப் பகுதி இன்று அமுலில் உள்ளது என்பதை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அமுலுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதன் கோட்பாடுகள் எளிமையானவை, எந்த அலுவலகத்திலும் இன்றே பின்பற்றக்கூடியவை: குறித்த நோக்கத்துக்காக மட்டும் விபரத்தைப் பயன்படுத்து, தேவையான அளவுக்கு மேல் எடுக்காதே, சரியாக வைத்திரு, தேவைக்கு மேலான காலம் வைத்திராதே, பாதுகாப்பாக வை. பொது அதிகாரசபைகளும் இந்தச் சட்டத்துக்குள் அடங்குகின்றன. மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

அரச உத்தியோகத்தர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி பொது நடத்தையையும் ஒழுக்காற்றையும் பற்றியது. உத்தியோகபூர்வத் தகவலை வெளியிடுவது பற்றிய விதிகள் அதன் 47ஆம் அத்தியாயத்தில் உள்ளன. அதைப் படித்தவர்களுக்கு, திணைக்களத் தலைவரின் அனுமதியின்றி ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

கோரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை

முதல் படி, எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், "சேர், ஒரு கடிதம் அல்லது அலுவலக மின்னஞ்சல் அனுப்புங்கள், இன்றைக்கே விடை தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உண்மையான தேவை உள்ளவர் அனுப்புவார். அவசரம் என்றால், அந்த அலுவலகத்தின் நிலையான தொலைபேசி இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து அழைத்து உறுதிசெய்யுங்கள். அவர் தந்த கைத்தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது உறுதிசெய்தல் ஆகாது.

இரண்டாம் படி, எந்த அதிகாரத்தின் கீழ் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கணக்காய்வாளர்களுக்கு 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ் பதிவுகளைப் பார்க்க அதிகாரம் உண்டு. அவர்களுக்குக் கோவையை மறுக்க முடியாது. அலுவலகத்திலேயே இடம் கொடுத்து, எந்தக் கோவைகளை எப்போது பார்த்தார்கள் என்று ஒரு பதிவேட்டில் ஒப்பம் வாங்குங்கள். நீதிமன்றக் கட்டளை வந்தால் அதில் குறிப்பிட்ட ஆவணங்கள் போகவேண்டும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு கேட்டால் திணைக்களத் தலைவரிடம் நேரே கொண்டுபோங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தது என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கோ பக்கத்து மேசைக்கோ சொல்லாதீர்கள், விசாரணை கெட்டுவிடும். பொலிஸ் நிலையத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து கேட்டால், எழுத்து மூலமான கோரிக்கையைப் பெற்றுத் தலைவரிடம் சமர்ப்பியுங்கள். அரசியல் பிரமுகர் ஒருவரின் செயலாளர் கேட்டால், அவருக்குக் கோவையைப் பார்க்கும் அதிகாரம் எந்த விதியிலும் இல்லை.

மூன்றாம் படி, நோக்கத்தையும் தாளையும் பொருத்துங்கள். வங்கிக் கடனுக்குச் சம்பள உறுதிக் கடிதம் போதும். உத்தியோகத்தர் ஒப்பமிட்ட விண்ணப்பம் இருக்கவேண்டும். அமைச்சு ஒன்று எத்தனை பெண் உத்தியோகத்தர்கள், எத்தனை பட்டதாரிகள் என்று கேட்டால் எண்ணிக்கை போதும். பெயர்ப் பட்டியல் வேண்டாம். பதவி உயர்வு நேர்முகத்துக்கு வினைத்திறன் காண் தடை என்ற சேவைப் பரீட்சையின் தேர்ச்சியும் சேவைக்காலமும் ஒழுக்காற்றுத் தண்டனை உண்டா என்ற விபரமும் வேண்டும்; 12 ஆண்டுகளுக்கு முன் அவர் கொடுத்த வைத்தியச் சான்றிதழ் வேண்டாம்.

இங்கே சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. "எனது விபரங்களைப் பகிர்வதற்கு ஆட்சேபனை இல்லை" என்று எல்லோரிடமும் ஒப்பம் வாங்கிக் கோவையில் இணைத்துவிட்டால் பாதுகாப்பு என்று சில அலுவலகங்கள் நம்புகின்றன. மேலதிகாரி நீட்டும் தாளில் ஒப்பமிட மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? சுதந்திரமாகக் கொடுக்கப்படாத சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை. சட்டக் கடமையால் கொடுக்கவேண்டியதற்குச் சம்மதம் தேவையில்லை. கொடுக்க அதிகாரமே இல்லாததற்கு, பயத்தில் இட்ட ஒப்பம் அதிகாரம் தராது.

நான்காம் படி, அனுப்பியதைப் பதியுங்கள். கேட்டவர், கடித இலக்கம், அனுப்பிய தாள்கள், தேதி, அனுமதித்தவர். ஒரு சிறிய பதிவேடு போதும். ஐந்து நிமிட வேலை. பிரச்சினை வரும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

இடமாற்றத்தின்போது

கோவை முழுவதும் போகவேண்டிய சந்தர்ப்பம் இது. உத்தியோகத்தர் புதிய திணைக்களத்துக்குப் போகும்போது கோவையும் போகிறது. அனுப்புமுன் எல்லாப் பக்கங்களுக்கும் இலக்கமிடுங்கள். உள்ளடக்கப் பட்டியலை இரண்டு பிரதிகளாகத் தயாரியுங்கள். ஒன்று கோவையுடன் போகட்டும், மற்றது பெற்றுக்கொண்டவரின் ஒப்பத்தோடு திரும்பி வரட்டும். மற்ற உத்தியோகத்தர்களின் பெயர் உள்ள தாள்கள் தவறிச் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கூட்டு முறைப்பாடு ஒன்றின் பிரதி நான்கு பேரின் கோவைகளிலும் கிடப்பது வழக்கம். அதில் மற்ற மூவர் பற்றிய விபரங்களை இந்தக் கோவையுடன் அனுப்ப வேண்டுமா என்று தலைவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

முடிவடையாத ஒழுக்காற்று விசாரணையின் தாள்கள் தனிக் கோவையில், முத்திரையிட்ட உறையில், ஒழுக்காற்று அதிகாரிக்கு மட்டும் போகவேண்டும். சுயவிபரக் கோவைக்குள் அவற்றைச் செருகாதீர்கள். குற்றம் நிரூபிக்கப்படுமுன் புதிய அலுவலகம் முழுவதும் அதைப் படித்துவிடும்.

அடுத்து, கோவையை யார் கொண்டுபோவது? வெருகலிலோ கோமரங்கடவெலவிலோ இருந்து நகரத்துக்கு யாராவது பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் அவர் கையில் கொடுத்தனுப்புவது நெடுநாள் பழக்கம். சில வேளை இடமாற்றம் பெற்றவரிடமே அவருடைய கோவை கொடுக்கப்படுகிறது. இரண்டும் வேண்டாம். இடையில் ஒரு தாள் காணாமற் போனால் யார் எடுத்தது என்று எவராலும் நிறுவ முடியாது. நேர்மையான உத்தியோகத்தர்கூடச் சந்தேகத்தைச் சுமப்பார். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது அலுவலகப் பணியாளரிடம் முத்திரையிட்ட உறையைப் பதிவேட்டில் ஒப்பம் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். உறையின் மேல் "அந்தரங்கம்" என்றும் பெறுபவரின் பதவிப் பெயரும் இருக்கட்டும்.

கைத்தொலைபேசி

இன்று கோவைகள் கசியும் மிகப் பெரிய வழி வட்ஸ்அப். கோவையின் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுவது அலுவலக வேலையாகவே ஆகிவிட்டது. அந்தப் படம் உங்கள் தொலைபேசியில் பிள்ளைகளின் படங்களோடு தங்கிவிடும். இடமாற்றம் பெற்றுப் போனவர்கள் குழுவில் நீடிப்பார்கள். யாருடைய தொலைபேசி திருத்தும் கடைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆளணி விபரம் எதையும் குழுவில் போடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பவேண்டியிருந்தால் அலுவலக முகவரியிலிருந்து அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் இட்டு, அந்தச் சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

இணையப் படிவங்களிலும் கவனம் வேண்டும். "உடனடி, இன்று 3 மணிக்குள்" என்று ஓர் இணைப்பு வருகிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எல்லாம் நிரப்பச் சொல்கிறது. அந்தப் படிவம் யாருடைய கணக்கில் தொடங்கப்பட்டது, நிரப்பியவர்கள் மற்றவர்களின் விடைகளைப் பார்க்க முடிகிறதா என்று சரிபார்க்காமல் சக உத்தியோகத்தர்களுக்கு அனுப்பாதீர்கள்.

பட்டியல்களும் அடையாள அட்டை இலக்கமும்

மூப்புப் பட்டியலும் இடமாற்றப் பட்டியலும் வெளிப்படையாக இருக்கவேண்டியவை. தனக்கு மேலே யார், ஏன் என்று அறிய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பெயர், பதவி, நிலையம், நியமனத் தேதி அதற்குப் போதும்.

பலரும் பிறந்த தேதி நிரலை நீக்கிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த இலக்கமே பிறந்த தேதியைச் சொல்லும். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய அட்டையிலும் அதே முறைதான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கத்தில் இருக்கும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய வேண்டுமென்றால் அட்டை இலக்கத்தின் கடைசி நான்கு இடங்களை மட்டும் போடுங்கள்.

இடமாற்றப் பட்டியலின் கடைசி நிரலில் "காரணம்" என்று போட்டு, அதில் நோயின் பெயரை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவது கொடுமை. மூதூரிலிருந்து நகரத்துக்கு வரக் கேட்ட ஆசிரியையின் புற்றுநோயை அவருடைய மாணவர்களின் பெற்றோர் பலகையில் படிக்கக் கூடாது. "மேன்முறையீடு ஏற்கப்பட்டது" என்ற இரண்டு சொற்கள் போதும்.

தகவல் கோரி விண்ணப்பம் வந்தால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் வந்தால், அதைத் தகவல் அலுவலரிடம் உடனே ஒப்படையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். பொது நடவடிக்கையோடும் பொது நலனோடும் தொடர்பில்லாத தனிப்பட்ட விபரத்தையும், எழுத்து மூலமான சம்மதமில்லாத மருத்துவப் பதிவையும் மறுக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. பொது நலன் மேலோங்கினால் அந்த மறுப்பு நிற்காது. ஒருவர் போலிச் சான்றிதழில் நியமனம் பெற்றாரா என்ற கேள்வி பொது நலன் சார்ந்தது. அவருடைய மனைவியின் தொழில் என்ன என்ற கேள்வி அப்படிப்பட்டதல்ல. அந்தரங்கம் என்ற சொல்லை அலுவலகத்தின் பிழைகளை மூடப் பயன்படுத்தினால், உண்மையாகவே காக்கவேண்டிய கோவைகளையும் நாளை யாரும் மதிக்கமாட்டார்கள். மூன்றாம் ஆள் இரகசியமாகத் தந்த விபரம் கேட்கப்பட்டால், அவருக்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் அறிவித்து, அவர் கருத்தைச் சொல்ல ஏழு நாட்கள் கொடுக்கவேண்டும். இந்த அறிவித்தலை அலுவலகங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

தவறிப் போனால்

வேறோர் உத்தியோகத்தரின் கோவையை, அல்லது ஒரு முழுப் பட்டியலைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று தெரிந்தால், அன்றே எழுத்தில் திணைக்களத் தலைவருக்கு அறிவியுங்கள். பெற்றவரிடம் அழிக்கவோ திருப்பி அனுப்பவோ கேட்டு, அதை அவர் எழுத்தில் உறுதிப்படுத்தவும் கேளுங்கள். சம்பந்தப்பட்ட உத்தியோகத்தருக்குச் சொல்லவேண்டும். வங்கி இலக்கம் போயிருந்தால் அவர் வங்கியை எச்சரிக்க நேரம் வேண்டும். மறைத்தால் ஒரு வாரத்தில் வெளிவரும், அப்போது பாதிப்பும் பெருகியிருக்கும்.

கோவையின் சொந்தக்காரர் வந்து தன் விபரத்தைப் பார்க்கக் கேட்டால் அலைக்கழிக்காதீர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்றிலும் பெயர் எழுதப்படும் நாட்டில், ஓரெழுத்து மாறியதால் ஓய்வூதியம் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். அலுவலர் ஒருவரின் முன்னிலையில் அவருக்குக் காட்டுங்கள். பிழை இருந்தால் பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதியோடு ஒரு கோரிக்கை எழுதச் சொல்லுங்கள். திருத்தியதும், முன்பு அந்தப் பிழையான விபரத்தை எந்தெந்த அலுவலகங்களுக்கு அனுப்பினீர்கள் என்று உங்கள் பதிவேட்டில் பார்த்து, அவை ஒவ்வொன்றுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள்.